கிருதா பார்த்து வாங்கிய செட்டாப் பாக்ஸ்

ஆமாம், பேத்திக்கு என் மூக்குதான். யாரும் கேட்கவில்லை, தெரியும். சொல்லிவிட்டால் மனசு நிறைகிறது. அந்த மூக்கை இன்னும் சரியாகப் பார்க்காத ஒரே ஆள் என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். என் பேத்தி பிறந்த நேரத்தில் அவனுக்கு டிஷ் கவலை.

எதிர்ச் சலூன்காரன் பெரிய டிவி மாட்டி, ஹெச்டி டிஷ்ஷும் வைத்துவிட்டான். பந்து உருண்டால் புல் நுனிகூடத் தெரிகிறது என்று தெருவே பேசியது. மச்சினனின் வாடிக்கைகள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். கடைசியில் வாத்தியாரும் தாண்டினார். தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மச்சினனின் நாற்காலியை விட்டு வேறு எங்கும் உட்காராதவர். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்துக் கைவிட்டவரும் அவர்தான். வாத்தியார் திரும்பி வராவிட்டால் கடையைப் பூட்டிவிடுவேன் என்று மச்சினன் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி எனக்குப் போன் போட்டாள்.

போட்டிக்கு அவனும் ஹெச்டி வாங்கக் கிளம்பினான். டிஷ் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்த பொண்ணு எந்தக் கம்பெனியில் என்னென்ன சேனல் வரும், எந்தப் பெட்டியில் படத்தைப் பதிந்து வைக்கலாம், மழையிலும் எதில் படம் நின்றுபோகாது என்று பொறுமையாகச் சொன்னாள். இவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் போய் நின்று, செய்தி வாசிக்கிறவனின் காதோரத்தையே உற்றுப் பார்த்தான்.

"மாமா, இந்தாளுக்கு ஒரு பக்கக் கிருதா இறங்கிருக்கு பாருங்க. இந்தப் பொட்டில தெரியுது. அந்தப் பொட்டில தெரியல. அப்ப இதுதான் ஹெச்டி."

"அந்தப் பெட்டில ஓடுறது வேற சேனல் சார்," என்றாள் அந்தப் பொண்ணு. "அதுல வாசிக்கிறவருக்குக் கிருதாவே இல்ல."

அதற்கெல்லாம் மனம் மாறுகிறவனா? கிருதா தெரிந்த பெட்டியே வீட்டுக்கு, இல்லை, கடைக்கு வந்தது.

சலூனில் முன் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதனால் கடையிலிருந்த டிவியைப் பின் சுவரில் மாட்டினார்கள். மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். வலது கை ஆட்டக்காரனெல்லாம் இடது கையால் அடித்தான். ஸ்கோர் திருப்பிப் போட்ட எழுத்தில் ஓடியது. உடனே கம்பெனிக்குப் போன். பெட்டி படத்தைத் திருப்பிக் காட்டுகிறதாம். அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்தான், போட்டான், அணைத்தான், போட்டான். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "கண்ணாடியத்தானே பாத்துட்டு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நாற்காலியையே டிவி பக்கம் திருப்பிப் போட்டான். புது டிஷ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வாத்தியாரும் வந்தார். மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. போர்வையைப் போர்த்தி, கத்தரிக்கோலை எடுத்தான். வாத்தியார் மேட்ச் பார்த்தார், இவனும் பார்த்தான். கண்ணாடி இரண்டு பேருக்கும் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. ஆட்டம் முடிந்து வாத்தியார் எழுந்து திரும்பியபோது அவருடைய ஒரு பக்கக் கிருதா வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் புருவ மட்டத்துக்கு ஏறியிருந்தது. போர்வையை உதறிப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினார்.

இனி அவர் வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். இன்று காலை பேத்தியின் போட்டோவோடு கடைக்குப் போனேன். நாற்காலி கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. டிவியின் மேல் முடிவெட்டும் போர்வை போர்த்தியிருந்தது. நாற்காலியில் வாத்தியார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்க்கடைச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். இத்தனை வருஷமாக அவர் முடி வெட்டவா வந்தார்?

மச்சினன் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மூக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

"படம் தெளிவா இருக்கு மாமா," என்று வாத்தியார் எழுந்துவிடாமல் மெதுவாகச் சொன்னான். "பாப்பாவுக்குக் காதோரம் ஒரு பக்கம் இறங்கிருக்கு. கழுத்து நின்னதும் கூட்டிட்டு வாங்க. டிவியப் போடவே மாட்டேன்."