வசந்திக்காக நான் சொன்ன பதில்

பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினாலே எனக்குச் சிரிப்புத்தான் வரும். நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். பல்பு எரியவில்லையா, எங்கோ வயர் விட்டிருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் நம்பிக்கை. நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்கமாட்டேன், நானே பாதிதான் நம்புகிறேன்.

பனிச்சங்கேணியில் எங்கள் வளவு முடிகிற இடத்தில் வாவி. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் மனைவி வசந்திக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. உச்சி வெயிலில் தண்ணீருக்குள் இருந்து ஒரு பெண், "வசந்தி, தோணி வந்திட்டுகா, வா" என்று கூப்பிடுகிறாளாம். ஒருநாள் கழுத்தளவு தண்ணீரில் இருந்துதான் அவளை இழுத்து வந்தேன். டொக்டர், இது மூளையில் வருகிற நோய், குளிசை போட்டால் அடங்கும் என்றார். எனக்கு நிம்மதி, வயர் விட்ட கதைதானே! மாமி விடவில்லை, கோயில் சடங்கில் நூல் வாங்கி வந்து தன் மகள் வசந்தியின் கையில் கட்டினார், எனக்கும் புத்தி சொன்னார்.

"மருமகன், மத்தியானத்தில ஆரும் அவளப் பேர் சொல்லி ஒருக்காக் கூப்பிட்டா பதில் சொல்லிப்போடாதீங்க. மூணுதரம் கூப்பிட்டாத்தான் மனிசர்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான், நான் கணக்கெடுக்கவில்லை.

குளிசையோ நூலோ, வசந்தி தேறிவிட்டாள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை என்றாள்.

பிறகு ஒரு மத்தியானம். அவள் முற்றத்தில் மீன் வெட்டுகிறாள், பக்கத்தில் நான் பழுதான ஃபேன் ஒன்றைக் கழற்றுகிறேன். "வசந்தி!" என்று ஒரு பெண் குரல். பக்கத்து வீட்டு அக்கா என்று நினைத்து, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஓம், இஞ்சதான் நிக்கா, இப்ப வருவா!" என்று கத்திவிட்டேன்.

வசந்தி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆரோட கதைக்கிறீங்க?"

"உன்னத்தான் கூப்பிடுறாங்க, கேக்கல்லயா?"

"ஒருத்தரும் கூப்பிடல்லயே."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் காலையிலேயே கிரானுக்குப் போயிருந்தார்கள். கரைக்கு ஓடினேன், தோணியும் இல்லை, சேற்றில் ஒரு காலடியும் இல்லை. அப்போதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீருக்குள் இருந்து அதே குரல், எவ்வளவு சந்தோஷமாக, "சரி மனே, அவ வருமட்டும் நான் நிக்கன்" என்றது.

நோய் என்றால் அது அவள் மூளையில்தானே, எனக்கு எப்படிக் கேட்டது? வேறு ஏதோ என்றால் குளிசைக்கு எப்படி அடங்கியது? குளிசை அந்தக் குரலை நிறுத்தவே இல்லையோ, அவள் காதைத்தான் மூடியதோ? டொக்டரிடம் நான் வாய் திறக்கவில்லை.

போன கிழமை அவர் வசந்தியைப் பார்த்து, "நல்லா இருக்கிறீங்க, இனி மெல்ல மெல்லக் குறைப்பம்" என்றார். மாமி சந்தோஷத்தில் அழுதே விட்டார். இன்றிலிருந்து அரைக் குளிசை. காலையில் எழும்பி, வாவிப் பக்கம் முழுக்க முள்ளுக்கம்பி அடித்தேன். எதற்கு என்று வசந்தி கேட்டாள். மாடு வருகிறது என்றேன்.

"தண்ணிக்குள்ளால மாடு வருமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.