ஊதிக் காட்டிய கேக் மாஸ்டர்

பேக்கரியில் கேக் போடுகிறவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டால் ஊரில் ஆளாளுக்கு நீதிபதிதான். நம் மாஸ்டர் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கிரீமை விரலால் தொட்டு நக்கியதுகூட இல்லை. ஆனாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

வீட்டில் விசாரணை அதிகாரி அவர் மனைவி. வேலை முடிந்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

“ஏங்க, வாயை ஊதுங்க.”

ஊதினால் குப்பென்று நாற்றம்.

“எதையோ தின்னுட்டு வாய்கூடக் கொப்பளிக்காம வந்திருக்கீங்க!”

“சத்தியமா இல்லம்மா.”

“சாமியை இழுக்காதீங்க, பாவம், அதுவும் எத்தனை பொய்யைத்தான் தாங்கும்? அடுத்த டெஸ்ட்லயும் குறையலன்னா பேக்கரிப் பக்கமே போகக் கூடாது. என் தம்பி கடையில சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருங்க. அதை நக்க முடியாதுல்ல.”

கிரீமில் ரோஜாப்பூ மலர வைக்கிற கை. சிமெண்ட் கடையா? மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவிக்கு அதுவும் சாட்சியாகிவிட்டது. “வயிறு நிறைஞ்சிருக்கு, எப்படி இறங்கும்?”

பல் துலக்கும்போது ரத்தம் வருவது மாஸ்டருக்குத் தெரியும். வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டார். வாய்க்குள் போவதைத்தான் எல்லாரும் காவல் காத்தார்கள். உள்ளே குடியிருப்பதை எட்டிப் பார்க்க ஆளில்லை.

காட்டிக்கொடுத்தது ஒரு கல்யாண கேக். கிரீம் நிரப்பிய பேப்பர் கோனின் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பி, அந்த ஓட்டை வழியே பூப் பிழிவது மாஸ்டரின் பழக்கம். கத்தரிக்கோல் எடுக்க இரண்டடி நடக்க வேண்டுமே! அன்றும் கடித்தார். வெள்ளை ரோஜாவின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

“என்ன மாஸ்டர், வெள்ளை கேக்குல செர்ரி சாறு?” என்று குனிந்த முதலாளி, மாஸ்டரின் ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் துள்ளி நிமிர்ந்தார். “அடப்பாவி மனுசா, இதையா நான் வித்துட்டிருந்தேன்! முதல்ல போய் வாயைச் சரி பண்ணிட்டு வாங்க.”

கேக் குப்பைக்குப் போனது. மாஸ்டர் பல் டாக்டரம்மாவிடம் போனார்.

“ஈறு பூரா வீக்கம், சீழ். கிருமிங்க வருஷக்கணக்கா குடித்தனம் பண்ணுது. அந்த வீக்கம் இருக்கிறவரை சர்க்கரை லேசுல இறங்காது. சர்க்கரை ஏறினா ஈறு இன்னும் கெடும். ரெண்டும் கூட்டுக் களவாணிங்க. சுத்தம் பண்ணிடறேன், சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.”

“டாக்டரம்மா, இதை எங்க வீட்டு வாசல்ல வந்து ஒருவாட்டி சொல்லுவீங்களா?”

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. அற்புதம் என்று சொல்ல முடியாது. மாஸ்டரின் மானம் பிழைக்கும் அளவுக்கு.

“பாத்தீங்களா, நான் தினம் ஊதச் சொன்னதாலதான் குறைஞ்சிருக்கு!” என்றார் மனைவி.

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஊதச் சொல்வார்.

மறுநாள் காலை சாப்பாட்டுப் பை கனத்தது. உள்ளே வீட்டுக் கத்தரிக்கோல், சோப்புப் போட்டுக் கழுவியது.

“பேக்கரிக்குத்தானே போறீங்க? முதலாளி எல்லாம் சொல்லிட்டாரு. இனிமே கோனைக் கடிக்காம இதால வெட்டுங்க.”