படத்தைக் கொடுத்தாளா?

புதன்கிழமை மாலை ஐந்தரை மணி. வகுப்பு முடிந்து பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே புடவைக்கடை வாசலில் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தன. என் கைப்பேசி மூன்று முறை அடித்தது, நான் எடுக்கவில்லை. பிள்ளைகளை ஒப்படைக்கும் நேரத்தில் யாரும் கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது லோகா அக்காவின் சட்டம். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் பார்த்தேன். அழைத்தது அக்காவின் மகள் கவிதா. "டீச்சர், அம்மா போயிட்டாங்க. மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தாங்க. எழுந்திரிக்கவே இல்ல" என்றாள். காலியாகிவிட்ட அந்தப் படியிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன்.

லோகேஸ்வரி என்ற முழுப்பெயரைச் சொன்னால் ஜார்ஜ்டவுனில் பாதிப் பேருக்குத் தெரியாது. லோகா அக்கா என்றால் தெரியும். கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அம்மா அப்பா வேலை முடிந்து வரும்வரை எங்கே இருப்பது என்ற கேள்விக்கு, இந்தப் புடவைக்கடை மாடியில் ஓவிய வகுப்பு தொடங்கி பதில் சொன்னவர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் முதல் வரைதாள். பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்க நான் பிறகு வந்து சேர்ந்தேன். எனக்கு வாய் அதிகம், அவருக்குக் கண் அதிகம். தினமும் சண்டைதான். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுது என்று நம் சங்கத்தார் கேட்டபோது, நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களில் சிலர் ஒரு நாள் நடந்ததன் காரணமாக அவரிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தீர்கள். அந்த நாளில் உண்மையில் நடந்ததை நான் இதுவரை சொல்லவில்லை.

அதற்கு முன் அவருடைய விசித்திரமான பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற வகுப்புகளில் பிள்ளையை அழைத்துப்போக வருபவர் பெயரைச் சொன்னால் போதும். அக்காவிடம் போதாது. பிள்ளை அன்று வரைந்த படத்தைத் தன் கையால் வந்தவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் படி இறங்கலாம். "புள்ள மொதல்ல படத்தக் குடுக்கட்டும்லா, அப்பறம் நாம புள்ளையக் குடுப்போம்" என்பார். ஒருமுறை சங்கத்துப் பொருளாளர் தன் பேரனை அழைத்துப்போக வந்தார். ஐஸ் கச்சாங் என்ற குளிர் இனிப்பை வாங்கித் தராத கோபத்தில் பையன் படத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பொருளாளர் கால் மணி நேரம் படிக்கட்டில் நின்று கெஞ்சினார். "என்னா லோகா, என்னயே தெரியலயா ஒனக்கு?" "ஒங்களத் தெரியும் சார். அவன் மனசுதான் எனக்குத் தெரியல." எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். பதிவேடு என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரிடம் கத்தினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழை நாள். ஆண்டு விழாவுக்கு நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் சிவப்புச் சாயத்தைத் தலையில் கொட்டிக்கொள்ள, அக்கா அவனைக் கழுவிவிடக் குளியலறைக்குப் போனார். வாசலில் நான் தனியாக நின்றேன். தர்ஷினியின் அப்பா வந்தார். தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. வழக்கமாக அவளை அழைத்துப்போவது பெரியம்மா. பதிவேட்டைப் பார்த்தேன், அப்பாவின் பெயரும் இருந்தது. ஐசி அடையாள அட்டையை நீட்டினார், சரியாக இருந்தது. "ஃபெரிக்கு நேரமாச்சு டீச்சர்" என்றார். தர்ஷினி தன் படத்தை என் மேசையில் வைத்தாள், அவரிடம் கொடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தேன். பார்த்தும், "போம்மா, அப்பா நனையுறாங்க" என்று அவள் பையை நானே தோளில் மாட்டி அனுப்பினேன்.

அக்கா ஈரக் கையோடு வந்தார். மேசையில் கிடந்த படத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தர்ஷினி எங்க?"

"அவங்க அப்பா கூட்டிட்டுப் போயிட்டாருக்கா. பேரு லிஸ்ட்ல இருக்கு."

"படத்தக் குடுத்தாளா?"

"ஐயோ, இப்ப அதுவா முக்கியம்?"

"மாலதி. குடுத்தாளா, இல்லையா?"

இல்லை என்றேன். அக்கா அதற்குள் பெரியம்மாவைக் கைப்பேசியில் அழைத்துவிட்டார். அதிலிருந்து வந்த அலறல் எனக்கே கேட்டது. கணவன் மனைவி பிரிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவைக் கேட்காமல் பிள்ளையை அழைத்துப் போகக்கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை; பதிவேடு பழையது. "அவன் ஊரு நிபோங் திபாலுக்குக் கொண்டு போயிட்டான்னா திரும்ப விடமாட்டான்க்கா! போன தடவ மூனு வாரம் புள்ளயக் கண்ணுல காட்டல!" என்று பெரியம்மா அழுதார். அம்மாவோ பிறையில் வேலையில் இருந்தார், கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில்.

அக்கா அந்தப் படத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். மற்ற பிள்ளைகளைப் கீழே புடவைக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அக்கரைக்கு ஃபெரி புறப்படும் ஜெட்டிக்கு ஓடினோம். முட்டிவலிக்காரி, மழையில், எனக்கு முன்னால் ஓடினார். போலீசை அழைக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். "கூப்பிடு. ஆனா அதுக்குள்ள ஃபெரி போயிடும்" என்றார் திரும்பாமல். ஓடிக்கொண்டே நான் அழைத்தேன், வருகிறோம் என்றார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் ஆள் நெரிசல். ஃபெரி ஏற்கெனவே வந்து கரையில் நின்றிருந்தது. அதில் ஏறுவதற்காக மோட்டார் சைக்கிள்களை முறுக்கத் தொடங்கியிருந்தார்கள். முன்வரிசையில் தர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவள் அப்பா நின்றார். நான் கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் கையை நசுக்கிவிட்டார். பிறகு, ஏதோ குடையை மறந்துவிட்டவர்களைத் தேடி வந்தவர் போல மெதுவாக அருகில் போனார்.

"தம்பி, பாப்பா படத்த மறந்துட்டா. கையால குடுக்கறது எங்க வகுப்பு வழக்கம்."

"எம்புள்ளக்கா" என்றார் அவர்.

"ஒங்க புள்ளதான் தம்பி. யாரு இல்லன்னது? அவ குடுக்கட்டும், நீங்க போங்க."

கதவு திறந்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு நகர்ந்தது. அவர் நினைத்திருந்தால் ஐந்து எட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கலாம்; எங்களால் தடுத்திருக்க முடியாது. தர்ஷினி படத்தை வாங்கினாள். அவர் கையை நீட்டி, "அப்பாவுக்குக் குடும்மா" என்றார். அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு முறை கேட்டார். அவள் மெல்லத் திரும்பி அதை அக்காவிடம் நீட்டினாள்.

அப்பா பிடியைத் தளர்த்தினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். ஃபெரி போனது. அடுத்ததும் போனது. போலீசும் பெரியம்மாவும் வந்து சேரும்வரை அக்கா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. கிளம்பும்போது அந்த அப்பா மகளிடம், "என்னா படம் அது?" என்று கேட்டார். "கொரங்கு. ரொட்டியப் புடுங்கிட்டு ஓடுது" என்றாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் தர்ஷினியின் அம்மா வந்தார். வகுப்பு நடுவில், எல்லாப் பெற்றோரும் பார்க்க, கேட்டார்: "யாரு எம்புள்ளய அனுப்புனது?" நான் கையில் பதிவேட்டோடு நின்றேன். வாய் அதிகம் என்று சொன்னேனே, அந்த வாய் அன்று ஒட்டிக்கொண்டது. அக்கா முன்னால் வந்து, "நான்தான்மா. தப்பு எம்மேலதான்" என்றார். அன்று அவர் வாங்கிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். பெற்றோர் குழுவில் செய்தி பரவியது. பல பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். பசாரில் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். சட்டம் பேசியவளே சட்டத்தை மீறினாள் என்றார்கள். அவரால் தாங்க முடியாதது அதுதான்.

அந்தத் தாய் வந்துபோன அன்று மாலை அழுதுகொண்டே கேட்டேன், ஏனக்கா பழியை ஏத்துக்கிட்டீங்க என்று. தூரிகைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ இன்னும் பல வருஷம் இங்க நிக்கணும். எம்பேரு கொஞ்சம் அழுக்கானா பரவால்ல. ஆனா அந்தத் தாய்கிட்ட நீ ஒரு நாள் சொல்லணும். எப்பன்னு நான் கேக்க மாட்டேன்." மூன்று வருடம் அவர் கேட்கவில்லை. நானும் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு இருந்தது. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்ததும் கவிதா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து தந்தாள். மேலே அந்தக் குரங்கு. ரொட்டிப் பொட்டலத்தோடு ஓடுகிறது, ஈரம் பட்ட இடத்தில் வால் கரைந்திருக்கிறது. பின்பக்கம் அக்காவின் கையெழுத்தில், "மாலதியிடம் கொடுக்கவும்" என்று மட்டும் இருந்தது. அவர் கணக்கில் படத்தை வாங்கிக்கொண்டவர்தான் பொறுப்பாளி. நான் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, தர்ஷினியின் அம்மாவுக்கு: உங்கள் மகளை அன்று அனுப்பியது நான். லோகா அக்கா அல்ல. உங்கள் பிள்ளை கண்ணால் வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்த பிறகும் அனுப்பினேன். ஜெட்டி வரை ஓடி அவளை மீட்டவர் அக்கா. அவரைக் குறை சொன்ன மற்றவர்களும் இதைப் படித்துவிட்டு, சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்லுங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: பிள்ளை கையை நீட்டும்வரை, கீழே எத்தனை ஹார்ன் அடித்தாலும், வாயை மூடிக்கொண்டு நிற்பது. படம் என்னுடையதல்ல. தர்ஷினியின் அம்மாவே, வகுப்பு மாடியில் நடக்கும் பதினாறாம் நாளுக்கு நீங்களும் அவளும் வருவீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் படிக்குக் கீழேயே நிற்பேன். குரங்கை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பிறகு அவள் அதை யார் கையில் கொடுக்கிறாளோ, கொடுக்கட்டும். நான் காத்திருக்கிறேன்.