நர்மதா பொய் சொல்லவில்லை

ஷைனிக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. காருக்குப் போகிற ஒயர்களில் பழுதானதைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. அந்தக் கண்ணால் மனுஷரையும் பார்த்துவிடுவாளாம். சீட்டாட்டத்தில் எவள் சும்மா மிரட்டுகிறாள், எவள் கையில் நிஜமாகவே சரக்கு இருக்கிறது என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லுவாள். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் வம்பே.

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டு பெண்களின் ராஜ்ஜியம். இவர்கள் பாட்டுக்குப் பாட்டு பாடியதில் டிரைவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால், செல்போனைப் பார்த்து ஓமஹா போக்கர் கற்றுக்கொண்டார்கள். ஆளுக்கு நாலு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து ரெண்டு, நடுவிலிருந்து மூன்று, இப்படிச் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஐந்தும் ஒரே ஜாதிச் சீட்டாக அமைந்தால் பெரிய கை, அதிலும் ஏஸ் ராஜாவை அடிக்கும். பந்தயம் புளியங்கொட்டை.

நர்மதா முரட்டு ஆட்டக்காரி. விதியைச் சொன்ன நாளில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், ஆட உட்கார்ந்ததும் கொட்டையை அள்ளி அள்ளி வீசினாள். "இன்னாமே, பயந்துட்டியா? கவுத்துட்டுப் போ!" என்று அவள் கத்தினால் மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து, நடுவில் இருக்கிற கொட்டையை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஷைனி மட்டும் அசையமாட்டாள். புருடா விடும்போது நர்மதாவின் கை தானாகக் கம்மலைத் திருகும் என்பது அவளுடைய ரகசியக் கண்டுபிடிப்பு. கம்மல் திரும்பியதா, நர்மதா மாட்டினாள்.

டிசம்பரில் லைன் லீடர் அன்புசெல்வன் ஒரு குண்டைப் போட்டான். இருபத்துநாலாம் தேதி நைட் ஷிப்டில் ஒருத்திக்குத்தான் லீவு. ஷைனிக்கு அன்று சர்ச்சில் தனிப்பாட்டு. வருஷா வருஷம் அவள்தான் பாடுவாள். அவள் வராவிட்டால் ஜெபா பாடுவாள். ஜெபா பாடினால் சபையே எழுந்து ஓடிவிடும் என்பது ஷைனியின் நம்பிக்கை. நர்மதாவுக்கோ மறுநாள் விடிந்தால் காக்களூரில் நாத்தனார் நிச்சயதார்த்தம். "நீங்களே பேசி முடிச்சிக்குங்கம்மா, என் உசுர வாங்காதீங்க" என்று அன்புசெல்வன் நழுவிவிட்டான். பேசி முடிக்கிற ஜென்மங்களா இவர்கள்? கம்பெனி கேட் வரும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவளுக்கே லீவு என்று ஆட உட்கார்ந்தார்கள்.

பாதி ரோடு போனதும் அந்த ஆட்டம் வந்தது. நடுவில் விழுந்த ஐந்தில் நாலு ஆட்டின். ஷைனி கையில் ஆட்டின் ராஜாவும் இன்னொரு ஆட்டினும். அவளை அடிக்க வேண்டுமென்றால் எதிராளியிடம் ஆட்டின் ஏஸும் துணைக்கு ஒரு ஆட்டினும் இருக்க வேண்டும். நர்மதா தன் கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினாள்.

ஷைனி கம்மலைப் பார்த்தாள். கை அந்தப் பக்கமே போகவில்லை. அடிப்பாவி, நிஜமாகவே வைத்திருக்கிறாள்! கையில் இருப்பதையாவது காப்பாற்றினால் அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்று சீட்டைக் கவிழ்த்தாள்.

"பாத்துக்கோ!" என்று நர்மதா நாலு சீட்டையும் விரித்தாள். ஆட்டின் ஏஸ். மற்ற மூன்றும் கறுப்பு.

சீட்டுப் போட்ட செல்வி குனிந்து பார்த்தாள். "இன்னொரு ஆட்டின் எங்கடி?"

"அது எதுக்கு? அதான் நடுவுல நாலு கீதே!"

"கையிலேர்ந்து ரெண்டு போடணும்டி லூசு! உன்கிட்ட ஒண்ணுமே இல்ல!"

பஸ்ஸே சிரித்தது. ஷைனி மட்டும் நர்மதாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஜெயிச்சிட்டேன்னு நெஜமாவே நெனச்சிக்கினியா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

"பாத்தீங்களா! அவ புருடா உடலன்னு நான் கரீட்டா கண்டுபுடிச்சேன் பாத்தீங்களா!" ஷைனிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அட பைத்தியமே, லீவு போச்சுடி" என்றாள் செல்வி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொய்யைக் கண்டுபிடிக்கலாம், விதி தெரியாத மண்டையை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? "இன்னொரு ஆட்டம் போடு, சீக்கிரம்!" என்று அலறினாள். கண்டெய்னர் லாரிகள் அடைத்துக் கிடக்கும் ரோடு அன்றைக்கென்று பார்த்துக் காலியாகக் கிடந்தது. செல்வி சீட்டைக் கலைக்கும்போதே கேட் வந்துவிட்டது. கெஞ்சிப் பார்த்தாள். "கவுத்தது கவுத்ததுதான்" என்று நர்மதா கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு இறங்கிப்போனாள்.

கிறிஸ்துமஸ் காலையில் வேலை முடிந்து கண் எரிய வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷன் ஜெரால்டிடம் கேட்டாள். "ஜெபா எப்படிப் பாடுச்சு? மானம் போச்சா?"

ஜெரால்ட் நல்லவன், விவரம்தான் போதாது. "தூள் கெளப்பிடுச்சு! பாஸ்டரே அழுதுட்டாரு. இனிமே வருஷா வருஷம் அதுவே பாடட்டும்னு சொல்லிட்டாங்க. நீயும் வரலாமாம், பின்னாடி கும்பலோட நின்னு பாடணுமாம்."

அன்றைக்கு அந்த வீட்டில் பிரியாணி ஆகவில்லை.