மல்லாந்து பார்க்க ஒரு தோட்டம்

பல் மருத்துவர் இஸ்க்ராவின் வீட்டுக் கொல்லையில் பென்கா முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் மாலையாகத் தொங்கியது. உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசிகள். கல் பாவிய தரையில் நீலச் சாக்கட்டியால் ஒரு வளைவு வரைந்தாள்; எழுந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்; பிடிக்காமல் செருப்புக் காலால் தேய்த்து அழித்தாள். இஸ்க்ரா ஒரு பளபளப்பான பத்திரிகையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் நின்றாள். பத்திரிகையில் வெள்ளைச் சோபா, நீலக் குளம், இரண்டு பக்கமும் லாவெண்டர்.

"எனக்கு அப்படியே இது வேணும்" என்றாள் இஸ்க்ரா.

பென்கா குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இந்தப் படத்துல எங்கயாவது துணி காயுதா?"

"இல்லையே."

"குப்பைத் தொட்டி? சைக்கிள்? உங்க வீட்டுக்காரர் ஒளிஞ்சு நின்னு சிகரெட் பிடிக்கிற இடம்?"

"அவர் விட்டு ரெண்டு வருஷமாச்சு!"

பென்கா உள்ளங்கையை விரித்தாள். அதில் ரோஜாத் தொட்டிக்குப் பின்னாலிருந்து பொறுக்கிய சிகரெட் துண்டுகள் மூன்று. "அப்ப இது பூனை பிடிச்சதா?"

பல்கேரியாவின் அஸெனோவ்கிராத் ஊரில் கொல்லையை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பவர்கள் கடைசியில் பென்காவிடம்தான் வந்து சேர்வார்கள். வந்ததும் அவர்கள் எதிர்பார்ப்பது செடிகளின் பட்டியல். கிடைப்பது கேள்விகள். காலையில் காபியை எங்கே நின்று குடிப்பீர்கள்? மாமியார் வந்தால் எந்த நாற்காலியில் உட்காருவார்? சண்டை போட்டால் யார் வெளியே வருவது, வந்தவர் எந்தப் பக்கம் போவது? கடைசிக் கேள்விக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யார் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறார்களோ அவர்களுக்காக ஒரு மூலையில் பெஞ்சு போடுவாள். வேலியாக, சுவர்போல் அடர்ந்து வளரும் தூஜா மரம் கேட்பவர்களிடம், "ஏன், உள்ள யாரையாவது புதைச்சிருக்கீங்களா?" என்பாள். புல்தரை கேட்டால், "அதுக்கு ஒரு பசுமாடு வாங்கலாம், பாலாவது கொடுக்கும்" என்பாள்.

இருபத்தாறு வருஷம் கல்யாண கவுன் தைத்தவள் அவள். அந்த ஊரில் தெருவுக்கு நாலு கவுன் கடை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைப் பார்த்துப் பார்த்துக் கண் பாழானபோது, கொஞ்சம் பச்சையைப் பாருங்கள் என்றார் கண் மருத்துவர். அந்த வைத்தியத்தை அவள் சற்று அதிகமாகவே எடுத்துக்கொண்டாள். ஆனால் தையல்காரி போகவில்லை. கொல்லைக்கும் இடுப்பு உண்டு, தோள் உண்டு என்பாள். "அளவெடுக்காம தைச்சா கவுன் நிக்காது. தோட்டமும் அப்படித்தான்." பந்தல் போடும் முன்பு, கவுன் கடைகள் கழித்துப் போட்ட நெட் துணியைக் கயிற்றில் கட்டி, நிழல் எங்கே விழும் என்று காட்டுவாள். தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டில் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் குடியிருப்பதோ மூன்றாம் மாடி. பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரமும் மிளகாய் ஊறுகாய்ப் புட்டிகளும் மட்டும். ஒரு செடி கிடையாது. கேலி செய்தால், "பகலெல்லாம் ஊரான் கொல்லையில மண்ணு தின்கிறேன். ராத்திரியாவது சும்மா இருக்க விடுங்கய்யா" என்பாள்.

போன மார்ச் மாதம் தெமெனுகா அவளைத் தேடி வந்தாள். ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். விரல் நகங்களில் மாவு காய்ந்திருந்தது. அவள் கணவன் மனோல் கூரை வேய்கிறவன். அக்டோபரில் ஒரு வீட்டுக் கூரையில் ஓடு மாற்றும்போது வழுக்கி விழுந்தான். கழுத்திலும் முதுகிலும் முறிவு. கை இரண்டும் தப்பின. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அடுத்த அறுவை சிகிச்சை முடியும்வரை நிமிர்த்தி உட்கார வைக்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வீட்டுக்குள்ள சுவரைப் பாத்தே கிடக்கறாரு அத்தை. கட்டிலுக்குச் சக்கரம் வச்சாச்சு, கொல்லைக்குத் தள்ளிட்டு வர்றேன். ஆனா அங்கயும் கண்ணை மூடிக்கிறாரு. கூட்டாளிங்க வந்தா தூங்குற மாதிரி நடிக்கிறாரு. ஏதாவது பண்ணுங்களேன்."

பென்கா போய் அளவெடுத்தாள். கட்டில் நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் பாத்தி கட்டி ரோஜா வைப்பது என்று முடிவு செய்தாள். படுத்திருக்கும் மனிதனின் மூக்குக்குப் பக்கத்தில் பூ வரும். தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்து அவன் முகத்துக்கு மேலே பிடித்துக் காட்டினாள்.

மனோல் கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் உருட்டினான். "அழகா இருக்கு அத்தை. பக்கத்துல இருக்கிற ரோஜாவைப் பாக்கணும்னா கழுத்தைத் திருப்பணும். கழுத்து திரும்புச்சுன்னா நான் ஏன் இங்க கிடக்கறேன்?"

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். காது மடல் சிவந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் போட்ட தோட்டங்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குப் போட்டவை. படுத்துக் கிடப்பவனுக்கு அவள் எப்போது தைத்திருக்கிறாள்?

கட்டிலுக்குப் பக்கத்தில் கல் தரையில் கையூன்றி உட்கார்ந்தாள். பிறகு மல்லாந்து படுத்துவிட்டாள். அறுபத்து மூன்று வயது, கனத்த உடம்பு. தெமெனுகா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அய்யோ, அத்தைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா இரு."

மேலே ஒரு கறுப்பு மின்கம்பி. பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனா. கூரையின் அடிப்பலகை, அதில் ஈரக் கறை. ஓட்டை விழுந்த தகரக் குழாய், அதன் ஓரத்தில் ஒரு துளி மலை உச்சி. மிச்சமெல்லாம் வெறும் வெளிச்சம், கண் கூசியது. கால் மணி நேரத்தில் அவளுக்கே அழுகை முட்டியது.

"இதைத்தானா இத்தனை நாளாப் பாத்துட்டிருக்க?"

"நான் எப்பவும் மேல இருந்து ஊரைப் பாத்தவன்" என்றான் மனோல். "கூரைக்கு அடியில இவ்ளோ அசிங்கம் இருக்கும்னு யாரும் சொல்லல."

எழுந்திருக்கத்தான் அவளுக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் தேவைப்பட்டது. தெமெனுகா ஒரு கை கொடுத்தாள். மற்றொரு பக்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தபோது மனோல், "நீங்களும் இங்கயே ஒரு கட்டில் போட்டுக்குங்க" என்றான். ஐந்து மாதத்தில் அவன் சொன்ன முதல் வேடிக்கை அது என்று தெமெனுகா பிறகு சொன்னாள்.

ஏப்ரலில் கொத்தனார், கட்டிலுக்கு மேலே பந்தல் போட, ஆறு கம்பங்கள் நட்டுவிட்டுப் போனார். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. பென்கா ஏணியை எடுத்துச் சாத்தினாள். அவளுக்கு உயரம் ஆகாது. ஜன்னல் திரை மாட்டக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவள். இரண்டு படி ஏறியதும் ஏணி ஆடியது.

"ஏணிக்கால வெளிய இழுங்க!" என்று கட்டிலிலிருந்து ஒரு சத்தம். "இன்னும்! இவ்ளோ செங்குத்தா வச்சா பின்னாடி சாய்ஞ்சிடும். கம்பத்துல கட்டுங்க. வயித்தை ஏணிக்கு ஒட்டி வைங்க. கீழ பாக்காதீங்க!"

பயத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது. "விழுந்தவன் நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே காதில் விழுந்தது. சமையலறை வாசலில் தெமெனுகா கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஏணியின் மேல் பென்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இறங்கி அப்படியே தெருவோடு ஓடிவிடலாம் போலிருந்தது.

"அதான் சொல்றேன்" என்றான் மனோல். "ரெண்டு பேரையும் தூக்கிப் புரட்ட தெமெனுகாவால முடியாது. ஏணியைக் கட்டுங்க."

கட்டினாள். அன்று மாலைவரை அவன் கத்தினான், அவள் ஏறி இறங்கினாள். கம்பி தொய்ந்தால் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். முடிச்சுப் போடத் தெரியவில்லை என்று திட்டினான். கவுனுக்குப் போடும் முடிச்சு கம்பிக்கு ஆகாது என்றான். கூரைக்காரனுக்கு இருக்கும் திமிருக்கு ஓடே வேண்டாம், அந்தத் திமிரே மழையைத் தடுக்கும் என்றாள் அவள். தெமெனுகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், துக்கத்தில் அல்ல.

மறுநாள் பென்கா கம்பிகளின் மேல் நெட் துணியை விரித்தாள். காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நிழல் அவன் முகத்தில் ஏறி இறங்கியது. அரை மணி நேரம் மனோல் கண்ணை மூடவில்லை.

"எந்த இடத்துல அடர்த்தி வேணும், எங்க இடைவெளி வேணும், சொல்லு" என்றாள்.

"டிஷ் ஆண்டெனா தெரியக் கூடாது. மலை உச்சி தெரியணும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினான். "வாசல் கேட்டு தெரியணும்."

"கேட்டு உன் தலைக்குப் பின்னாடி இருக்கே?"

"அதான். யாராவது வந்தா, கட்டில் பக்கத்துல வந்து குனிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியுது. அவங்க மூஞ்சியில அந்தப் பரிதாபத்தைத் திடீர்னு பாக்க வேண்டியிருக்கு. அவங்க வர்றதுக்கு முன்னாடி என் மூஞ்சியைக் கொஞ்சம் சரி பண்ணிக்க நேரம் வேணும் அத்தை."

பென்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பழைய லாரிகளை உடைத்து விற்கும் கடைக்குப் போய், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் நீளக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தாள். கால்மாட்டுக் கம்பத்தில் அதைச் சாய்த்துக் கட்டி, சக்கரக் கட்டிலைத் தள்ளிவிட்டு அவன் இடத்தில் அதே உயரத்துக்குப் பெஞ்சு போட்டுத் தானே படுத்துப் பார்த்துப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்தாள். கேட்டு முழுதாகத் தெரிந்தது. தாழ்ப்பாளைத் தொடும் கைகூடத் தெரிந்தது.

மே மாதம் கொடி நட்டார்கள். திராட்சைதான் நிலைத்து நிற்கும் நிழல். ஆனால் அது பந்தல் ஏறி மூட மூன்று வருஷம் ஆகும் என்றாள் பென்கா.

"மூணு வருஷமா? நான் மூணு வருஷம் படுத்திருக்கணுமா?"

"திராட்சைக்குச் சொன்னேன்டா. உனக்கில்ல."

இந்த ஒரு கோடைக்கு அவரையும் சுரையும் நட்டாள். அவரைக்கொடி ஆளைவிட வேகமாக ஏறியது. அவள் தேர்ந்தெடுத்ததெல்லாம் அடியிலிருந்து பார்க்க அழகான இலைகள்: வெயில் ஊடுருவினால் நரம்பு தெரிகிறவை. பூக்களும் தலை கவிழ்ந்து பார்க்கிறவையாக இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் தேடினாள். மனோல் சுரைப் பிஞ்சுகளுக்குத் தன் கூட்டாளிகளின் பெயரை வைத்தான். அவற்றில் குண்டானது ஒன்று நேராக அவன் நெற்றிக்கு மேலே தொங்கியது.

"இது விழுந்தா என்ன அத்தை ஆவறது? கூரையில இருந்து விழுந்து பிழைச்சவன் சுரைக்காய் விழுந்து செத்தான்னு ஊரு சிரிக்கும்."

பென்கா அதற்கு நெட் துணியில் பை தைத்தாள். ஓரத்தில் மணப்பெண் முக்காட்டுக்குப் போடும் லேஸ் வேறு. அந்தச் சுரைக்காய்க்குப் பெயர் காரானின். அவன் மனோலோடு வேலை பார்த்த ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நேரில் வந்து தாழ்ப்பாளைத் தொட்டதும், "வாடா காரானின், உன்னை மேல கல்யாணக் கோலத்துல தொங்க விட்டிருக்கு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. காரானின் கேட்டிலேயே நின்று சிரித்தான். பரிதாபப்பட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் நாலு பேர் வந்தார்கள். கட்டிலோடு ஒட்டி மேசை போட்டுச் சொக்கட்டான் ஆடினார்கள். மனோல் கண்ணாடியில் பலகையைப் பார்த்து, அவர்கள் காயைத் திருடுவதைக் கண்டுபிடித்துக் கத்தினான்.

கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. செப்டம்பர் கடைசியில் தலைநகர் ஸோஃபியாவில் அறுவை சிகிச்சை. அது பலிக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள் மருத்துவர்கள். அதைப் பற்றி அந்தப் பந்தலுக்குக் கீழே யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் முடியும்போது ஒரு மாலை பென்கா அந்தப் பக்கமாகப் போனாள். தெமெனுகா கொடுத்த வெள்ளரித் தயிர்ச் சூப்பை நின்றபடியே குடித்துவிட்டுப் பந்தலுக்கு அடியில் வந்தாள். மனோல் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் அவளைப் பார்த்தான்.

"உங்க தையல்ல ஒரு ஓட்டை இருக்கு அத்தை. அஞ்சு மணிக்கு வெயில் நேரா கண்ணுல குத்துது."

அண்ணாந்து பார்த்தாள். இரண்டு சுரை இலைகள் பழுத்து உதிர்ந்த இடத்தில் வானம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. "எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? அன்னிக்கே சொல்றதுக்கென்ன? அவரைக் கொடியை இழுத்துக் கட்டி அடைச்சிருப்பேனே."

"அடைக்க வேணாம்" என்றான் அவசரமாக. "தகைவிலான் குருவி எல்லாம் குளிருக்கு முன்னாடி தெக்கே கிளம்பக் கூடுது. அந்த ஓட்டை வழியாத்தான் தெரியுது. நேத்து நூத்து இருபது எண்ணினேன். வெயில் மட்டும்தான் தொந்தரவு."

பென்கா உள்ளங்கையை விரித்து அந்த ஓட்டையை அளந்தாள். பிறகு தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றினாள். அதன் விளிம்பில் இரண்டு பெரிய ஊக்குகளைக் குத்தி, ஏணியில் ஏறி, கம்பியில் வழுக்கிப் போகும்படி அதை மாட்டினாள். விளிம்பின் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். இறங்கி வந்து இரண்டையும் அவன் விரல்களில் சுற்றினாள்.

"இதை இழுத்தா குருவி. அதை இழுத்தா நிழல்."

அவன் இழுத்துப் பார்த்தான். தொப்பி நகர்ந்தது, வானம் திறந்தது, மறுபடி மூடியது. "உங்களுக்குத் தொப்பி?" என்று கேட்க வாயெடுத்தபோது பென்கா அங்கே இல்லை. லாரிக் கண்ணாடியில் கேட்டு தெரிந்தது. நரைத்த தலையின் மேல் இஞ்ச் டேப்பை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு, ஐந்து மணி வெயிலில் அவள் தெருவில் இறங்கினாள்.