பழைய சேலையில் தைத்த ஊர்

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்களில்தான் புவியியல் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு நான் கோவையிலிருந்து நீலகிரி மலையில் இருக்கும் கட்டபெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வேறு நேரமே கிடைக்கவில்லை எனக்கு! கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில்: "இலைக்கு வெல இல்லீங்க." வீட்டில் எத்தனை பேர் என்றால் அதற்கும் அதுதான். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோது ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

எரிச்சலில் கேள்வித்தாளை மூட்டை கட்டினேன். பெண்களிடம் பழைய சேலைகளையும் நூலையும் கொடுத்து, உங்கள் ஊரையே ஒரு வரைபடமாகத் தைத்துத் தாருங்கள் என்றேன். கலைவழி ஆய்வு என்று அதற்குப் பெயர். "தையல் கிளாஸ் எடுக்கவா உன்னை மலைக்கு அனுப்பினேன்?" என்று என் ஆய்வு நெறியாளர் போனில் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அக்காவின் முன்னறையில்தான் தையல். இலை பறிக்கப் போகாத மதியங்களில் கூடினார்கள். அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு வம்பு. பக்கத்து வீட்டுக்காரி தன் தோட்டத்தை மட்டும் பெரிதாகத் தைத்துக்கொண்டாள் என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. அக்கா மட்டும் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் தேயிலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவு கட்டியிருந்தார்.

"எனக்கு இந்த ஊர உட்டுப் போறதுக்கு மனசே இல்ல கண்ணு. அவரு காதுல போட்டுக்கறதே இல்ல" என்றார் அக்கா.

கடைசியாக, ஆட்கள் அடிக்கடி நடக்கிற வழிகளைச் சிவப்பு நூலில் தைக்கச் சொன்னேன். பேக்டரிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் கோடுகள் ஓடும் என்று நினைத்தேன். துணியை விரித்தால், பூட்டிக் கிடந்த வீடுகளிலிருந்தெல்லாம் சிவப்புக் கோடுகள் கிளம்பி அக்கா வீட்டு வாசலில் வந்து குவிந்திருந்தன.

"என்னக்கா இது? பூட்டுன வீட்டுக்கு யாரு நடக்கறாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாந்தான் கண்ணு."

பிழைப்புத் தேடிக் கீழே இறங்குகிறவர்கள் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கமாம். மழைக்கு ஒழுகுகிறதா என்று போய்ப் பார்ப்பதும், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு விளக்கேற்றுவதும் அக்காதான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் அந்தத் துணியைப் பார்த்தார். மனம் மாறுவார் என்று பார்த்தால், மனிதர் கவலையே வேறு. "நாம போறதுக்குள்ள இந்தச் சாவியெல்லாம் யாருகிட்டயாச்சும் ஒப்படைக்கோணுமே!" மறுநாள் காலையிலேயே சாவிகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். போயும் போயும் இந்தத் துணியை ஏன் தைக்கச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்காரர் பின்னால் போனேன்.

முதல் வீட்டில், "எங்கூட்டுல மாட்டறதுக்கு ஆணி இல்லீங்ணா."

அடுத்த வீட்டில், "எனக்கு மறதி சாஸ்திங்ணா, தொலச்சுப்போடுவேன்."

எல்லாரும் என்னோடு உட்கார்ந்து தைத்தவர்கள். சிரிப்பு வெளியே வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள், பாவிகள்! எந்த வீட்டிலும் ஒரு சாவியைக்கூட வாங்கவில்லை. கடைசி வீட்டுப் பெண் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க வேணா போயிட்டு வாங்ணா. அக்கா இங்கயே இருக்கட்டும்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்து பையை அக்காவின் கையில் கொடுத்தார்.

"ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. சோத்தப் போடு."

"ஏனுங்க, அப்ப திருப்பூரு?"

"உன்னயக் கெளப்பறதுக்கு ஊரே உடமாட்டேங்குது, நான் எங்க போறது?"

அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் இருவர் முன்னாலும் ஓவென்று அழுதார்.