சட்டைப் பையில் இருந்த திசை

எல்லோரும் அவரைக் காயில்காரர் என்றுதான் அழைத்தார்கள். முப்பது வருடம் மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிய கை. எந்த மோட்டார் எந்தப் பக்கம் சுழலும் என்பதைக் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடுவார். கடைவீதிக்குப் போனால் மட்டும், வீட்டுக்குத் திரும்பும் சந்து எதுவென்று இரண்டு பேரிடமாவது கேட்டாக வேண்டும். "இவரைக் கடைக்கு அனுப்புறதுக்குப் பையை மட்டும் அனுப்பலாம். அதையாவது யாராவது கொண்டுவந்து குடுப்பாங்க" என்பது அவர் மனைவியின் கணிப்பு. இப்படிப்பட்டவரைத்தான் கடல் ஆராய்ச்சி நிலையம், ஆமைக்குஞ்சு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று அறிய வேலைக்கு வைத்திருந்தது.

முட்டையை விட்டு வந்த குஞ்சோடு துணைக்கு வரத் தாய் கிடையாது. கடலை முன்பின் பார்த்ததும் கிடையாது. ஆனாலும் பெருங்கடலில் போக வேண்டிய பக்கம் போகிறது. பூமியின் காந்தம் இடத்துக்கு இடம் பலத்திலும் சாய்விலும் மாறுபடுகிறது. அந்த இரண்டையும் வைத்துக் குஞ்சு தான் இருக்கும் இடத்தை உணர்கிறது என்பதை நிலையத்தின் விஞ்ஞானி டாக்டரம்மா சோதித்துக்கொண்டிருந்தார். ஓர் இருட்டறை, நடுவில் வட்டத் தொட்டி, அதைச் சுற்றிக் காயில்காரர் நாற்பது நாள் கையால் சுற்றிய கம்பிச் சட்டங்கள். மின்சாரம் விட்டால் தொட்டிக்குள் வேறொரு கடலின் காந்தம் வந்துவிடும். வெதுவெதுப்பான நீரோட்டத்தின் வட எல்லையில் உள்ள காந்தத்தைக் காட்டினால், குஞ்சு தெற்கே திரும்ப வேண்டும். அங்கே வடக்கே போகிற குஞ்சு குளிரில் செத்துவிடும்.

அறைக் கதவில் காயில்காரரே ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார்: "இரும்பு உள்ளே வரக்கூடாது." சாவி, கைபேசி, கடிகாரம் எல்லாம் வாசலோடு சரி. டாக்டரம்மாவின் கொண்டை ஊசியைக்கூடப் பிடுங்கி வைத்துவிட்டார். அந்த அம்மா பென்சிலைச் செருகிக்கொண்டார். இடைவார் பறிபோன நிலைய இயக்குநர், உள்ளே வரும்போதெல்லாம் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அதிகாரம் செய்ய வேண்டியிருந்தது.

அன்று பன்னிரண்டு குஞ்சுகள் வந்தன. மாலை ஆறு மணிக்குள் அவற்றைக் கடலில் விட்டாக வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. இன்னொரு நிபந்தனை இயக்குநருடையது. இன்றும் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்றால், நாளைக் காலை சட்டங்களைப் பிரித்துவிட்டு அறையை மீன்தீவனப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்.

குஞ்சுக்குத் துணிக் கச்சை மாட்டி, தொட்டி நடுவே சுழலும் கோலோடு நூலால் கட்டுவார்கள். அது நீந்தும் திசை பக்கத்து அறைத் திரையில் தெரியும். டாக்டரம்மா திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். காயில்காரர் இருட்டறையில், சுவர்ப் பலகையருகே, மின்சாரத்தின் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் குஞ்சு மேற்கே போனது. இரண்டாவதும் மேற்கே. ஐந்தாவது போனபோது டாக்டரம்மா குரல் கொடுத்தார்.

"அண்ணே, கம்பி முனை எதையாவது மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"மாத்துனா நேர் எதிராத் திரும்பும்மா. இது கோணலால்ல போவுது!"

"காலையில மீட்டர் வச்சு அளந்தப்போ எல்லாம் சரியாத்தானே இருந்துது?"

"சரியாத்தான் இருந்துது. ஏணி மேல நின்னு நான்தானே பார்த்தேன்."

ஒன்பதாவதும் மேற்கே போனது. நாலரை மணிக்கு இயக்குநர் கால்சட்டையைப் பிடித்தபடி வந்தார்.

"என்ன காயில்காரரே, ஃபேனுக்குச் சுத்துற மாதிரியே இதுக்கும் சுத்திட்டீங்களா?"

"ஃபேனா இருந்தா இந்நேரம் காத்தாவது வந்திருக்கும் சார்" என்றார் காயில்காரர். இயக்குநர் திரையைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனதும், காயில்காரர் பலகையின் மூடியைக் கழற்றி இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குற்றமில்லை. மூடியைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி தரையில் விழுந்தது. சிவப்பு விளக்கின் மங்கலில் அது கண்ணுக்கு அகப்படவில்லை.

குனிந்தார். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்தது. மோட்டாருக்குள் விழும் திருகாணிகளை எடுக்க வைத்திருந்த உள்ளங்கையளவு வளையம் அது. தரையில் தடவினார். திருகாணி ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? இந்த அறைக்குள் எல்லாமே பித்தளையாக இருக்க வேண்டும் என்று அடம் பிடித்து வாங்க வைத்தவரே அவர்தானே.

அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் அளந்தபோது புழுக்கத்துக்குக் காந்தத்தோடு சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டியிருந்தது ஞாபகம் வந்தது. குஞ்சுகள் வந்த பிறகுதான் மறுபடி மாட்டிக்கொண்டார்.

பையில் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. வெளியே போய் எறிந்துவிட்டும் வரலாம். மிச்சம் மூன்று சரியாகப் போனால், ஒன்பதும் நோஞ்சான் குஞ்சு என்று கதை முடிந்துவிடும். அரை நிமிடம் யோசித்தார். பிறகு காந்தத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

"டாக்டரம்மா, குஞ்சு மேல தப்பில்ல. என் மேலதான்."

இயக்குநர் முதலில் கையைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். "இரும்பு வரக்கூடாதுன்னு போர்டு. காந்தம் வரலாமாக்கும்?"

"இது என் கூடவே இருக்கறது சார். இதை நான் ஒரு சாமானா நினைச்சதே இல்ல."

டாக்டரம்மா ஒன்பது குஞ்சுகளின் திசை குறித்த தாளையும் வெறித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். "அண்ணே, அதைப் பையில போட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே போய் நில்லுங்க. அசையாதீங்க."

தொட்டிக்குள் மீட்டரை இறக்கினார். காயில்காரர் கல்லாக நின்றார். எண்கள் ஓடி நின்றன. தாளில் கணக்குப் போட்ட டாக்டரம்மாவின் பென்சில் முனை உடைந்தது. கொண்டையிலிருந்து இன்னொன்றை உருவினார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"சார், இவர் நின்னா தொட்டியில தெற்கு இருக்கற இடமே மாறிடுது. எங்கே மாறுதோ அங்கேதான் ஒன்பதும் போயிருக்கு."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒண்ணுகூடத் தப்பாப் போகல சார்."

ஐந்தேகால். காந்தம் காயில்காரரின் சட்டையோடு கட்டிடத்துக்கு வெளியே, நாற்பது அடி தள்ளி, காவலாளியின் மேசையில் போய் உட்கார்ந்தது. பத்தாவது குஞ்சு தெற்கே திரும்பியது. பதினொன்றாவது கொஞ்சம் சுற்றிவிட்டுத் தெற்கே போனது. பன்னிரண்டாவது எந்தப் பக்கமும் போகாமல் துடுப்பை மடக்கிக்கொண்டு மிதந்தது. அதற்கு ஆராய்ச்சியில் அக்கறையில்லை.

"கட்டுரைக்கு இது போதாது" என்றார் டாக்டரம்மா.

"போதாதுதான்" என்றார் இயக்குநர். வாசலுக்குப் போய் இடைவாரை எடுத்து மாட்டிக்கொண்டே, தீவனப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "அந்த ரூம் இப்போ காலியில்லப்பா. அடுத்த வருஷக் குஞ்சு வரட்டும், பார்க்கலாம்."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு பன்னிரண்டும் கடலுக்குள் போயின. காயில்காரர் நிலையத்துக்குத் திரும்பி, கதவிலிருந்த அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தார்: "காயில்காரர் சட்டையும்."

பிறகு சட்டையை மறக்காமல் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி, வெளிவாசலில் இடப்பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்" என்றார் காவலாளி.